லக்ஸுரி கார்: ஐரோப்பிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கலாமா, இப்போதே வாங்கலாமா? பேரம் எங்கே படியும்?

“கொஞ்சம் பொறு மச்சி, ஐரோப்பா ஒப்பந்தம் வந்துட்டா பென்ஸ் பாதி விலைக்கு வந்துடும்.” தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதாக இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரி 27 அன்று அறிவித்ததிலிருந்து, கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு நண்பர்கள் சொல்லும் அறிவுரை இதுதான்.

ஷோரூமிலிருந்து வரும் போன் வேறு மாதிரி பேசுகிறது: “சார், ஆஃபர் இந்த மாசத்தோட முடியுது. அடுத்த மாசம் விலை ஏறுது.”

யாரை நம்புவது? இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் காரின் செலவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு விஷயங்கள்: கார் எங்கே தயாரானது, எந்த மாதம் தயாரானது, எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறீர்கள், கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது, எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிஎஸ்டி குறைந்ததே, அது என்ன ஆச்சு?

அந்தக் குறைப்பு ஏற்கெனவே விலையில் சேர்ந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியோடு செஸ் தனியாக இருந்தது. 4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள எஸ்யூவி என்றால் செஸ் 22 சதவீதம்; ஆக மொத்தம் 50. பெரிய இன்ஜின் செடான்களுக்கு மொத்தம் 48, 1,500 சிசிக்குள் உள்ள நடுத்தர கார்களுக்கு 45. இப்போது இவை எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம்: 40 சதவீதம், செஸ் கிடையாது.

‘10 சதவீதப் புள்ளி குறைந்தால் விலையும் 10 சதவீதம் குறையும்’ என்று நினைக்க வேண்டாம். வரிக்கு முந்தைய விலை 40 லட்சம் என்றால், 50 சதவீத வரியில் அது 60 லட்சம். 40 சதவீத வரியில் 56 லட்சம். குறைந்தது 4 லட்சம், அதாவது சுமார் 6.7 சதவீதம். 45-லிருந்து 40-க்கு வந்த கார்களுக்குக் குறைந்தது 3.4 சதவீதம்தான். சின்ன இன்ஜின் உள்ள என்ட்ரி லெவல் மாடல்களில் பெரிய வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

மின்சாரக் கார்களுக்கு, விலை எவ்வளவு இருந்தாலும், ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் இடையே 35 புள்ளி இடைவெளி இருக்கிறது. 2025 ஜனவரியில் பிஎம்டபிள்யூவின் நீளமான ஐஎக்ஸ்1 மின்சாரக் கார் 49 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் வர முடிந்ததற்கு, உள்ளூர் அசெம்பிளியும் இந்த வரி இடைவெளியும்தான் அடிப்படை.

ஐரோப்பிய ஒப்பந்தம்: யாருக்கு லாபம்?

முழுதாகத் தயாராகி கப்பலில் வந்திறங்கும் கார்களுக்கு. இப்போது அவற்றின் மீது 110 சதவீதம் வரை இறக்குமதி வரி விழுகிறது. ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் என்ற ஒதுக்கீட்டுக்குள் அந்த வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும் என்பதே அறிவிப்பு. மின்சாரக் கார்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் இந்தச் சலுகை கிடையாது.

கணக்கு போட்டால் வித்தியாசம் பெரிதுதான். 40 லட்சத்துக்கு வந்திறங்கும் ஒரு கார், 110 சதவீதச் சுங்க வரியும் 40 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 117.6 லட்சம் ஆகிறது. சுங்க வரி 10 சதவீதமானால் அதே கார் 61.6 லட்சம். நிறுவனம், டீலர் லாபம் எல்லாம் இதற்கு மேல்.

“அப்போ காத்திருக்கலாமே!” என்று தோன்றும். இங்கேதான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நீங்கள் பார்க்கும் கார் உண்மையிலேயே இறக்குமதியா?

இந்தியாவில் விற்கும் லக்ஸுரி கார்களில் பெரும்பாலானவை இங்கேயே அசெம்பிள் ஆகின்றன. மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஜிஎல்சி ஆகியவை புனே அருகே சாக்கனில்; பிஎம்டபிள்யூ 3 சீரீஸ், எக்ஸ்1 செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்; ஆடி முன்பு அவுரங்காபாத் எனப்பட்ட சத்ரபதி சம்பாஜிநகரில்; வோல்வோ பெங்களூரு அருகே ஹொசகோட்டையில். பாகங்களாக வரும் இந்த ‘கிட்’டுகளுக்குச் சுங்க வரி சுமார் 15 சதவீதம்தான். உதாரணமாக 20 லட்சம் மதிப்புள்ள கிட் என்றால் வரி 3 லட்சம். ஜிஎஸ்டியோடு சேர்த்துப் பார்த்தாலும் 4.2 லட்சம். அந்த வரி நாளைக்கே பூஜ்யமானாலும் அதிகபட்ச மிச்சம் அவ்வளவுதான். பாகங்கள் மீதான வரியும் ஒரே நாளில் போகாது, பல ஆண்டுகளில்தான் குறையும்.

உள்ளூர் அசெம்பிளி என்றால் என்ன வித்தியாசம் வரும் என்பதற்கு ரேஞ்ச் ரோவர் நல்ல உதாரணம். 2024-ல் ரேஞ்ச் ரோவரையும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டையும் புனேவில் அசெம்பிள் செய்ய முடிவெடுத்தபோது, எந்த வர்த்தக ஒப்பந்தமும் இல்லாமலேயே விலை சுமார் 18 முதல் 22 சதவீதம் குறைந்தது.

ஆக, எளிய விதி இதுதான். போர்ஷே, பிஎம்டபிள்யூவின் எம்5 போன்ற இறக்குமதிக் கார்கள் உங்கள் மனதில் இருந்தால், காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. இப்போது அதிக வரி கட்டி வாங்கினால், வரி குறைந்த பிறகு உங்கள் காரின் மறுவிற்பனை மதிப்பும் சேர்ந்து இறங்கும். சி-கிளாஸ், 3 சீரீஸ், எக்ஸ்1, க்யூ3, எக்ஸ்சி60 என்று பார்க்கிறீர்கள் என்றால், ஒப்பந்தத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கக் காரணம் இல்லை.

ஒரு நுணுக்கம்: பிராண்டின் நாடு வேறு, தயாரிப்பு நாடு வேறு. பிரிட்டனுடன் இந்தியா 2025 ஜூலை 24 அன்று தனி ஒப்பந்தம் கையெழுத்திட்டது. டிஃபெண்டர் பிரிட்டிஷ் பிராண்டுதானே, அதில் வருமே என்று நினைக்கலாம். ஆனால் டிஃபெண்டர் தயாராவது ஸ்லோவாக்கியாவில். அதற்குப் பொருந்த வேண்டியது ஐரோப்பிய ஒப்பந்தம்.

காத்திருப்பது இலவசமா?

இல்லை. ஜெர்மன் நிறுவனங்கள் ஜனவரியில் விலை ஏற்றுவது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் 2 முதல் 3 சதவீதம். 2025-ல் மெர்சிடிஸ் ஜனவரி தவிர ஜூன், செப்டம்பரிலும் விலையை உயர்த்துவதாக அறிவித்தது. காரணம், யூரோ. இங்கே அசெம்பிள் ஆனாலும் பாகங்களுக்கான பணம் யூரோவில் போகிறது. 2025-ல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. ரூபாய் சரிந்தால், ஜிஎஸ்டியில் கிடைத்த மிச்சம் இரண்டு மூன்று விலை ஏற்றத்தில் கரைந்துவிடும்.

புக்கிங் படிவத்தையும் படியுங்கள். ‘டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே பொருந்தும்’ என்ற வரி அதில் பொதுவாக இருக்கும். டிசம்பரில் புக் செய்து பிப்ரவரியில் கார் வந்தால், ஜனவரி ஏற்றம் உங்கள் தலையில் விழும். “இன்னைக்கு விலையிலேயே தருவோம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, மெயிலில் வாங்குங்கள்.

எந்த மாசம் வாங்கினால் லாபம்?

லக்ஸுரி காரைப் பொறுத்தவரை தள்ளுபடி பண்டிகையைப் பார்த்து வருவதைவிட ஸ்டாக்கைப் பார்த்துத்தான் அதிகம் வருகிறது. நவராத்திரி, தன்தேரஸ் சமயத்தில் கூட்டம் தானாக வரும். டீலர் இறங்கி வர அவசியம் குறைவு.

ஜெர்மன் நிறுவனங்களுக்கும் வோல்வோவுக்கும் கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவருக்கும், டொயோட்டாவின் லெக்ஸஸுக்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. எனவே முதல் கூட்டத்துக்கு டிசம்பரும், இரண்டாவது கூட்டத்துக்கு மார்ச்சும் டார்கெட் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். காலாண்டு முடிவுகளான ஜூன், செப்டம்பரிலும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

டிசம்பர் தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்சியில் கார் தயாரான மாதமும் ஆண்டும் பதிவாகும். 2025 நவம்பரில் தயாரான காரை 2026 ஜனவரியில் வாங்கினாலும், விற்கும்போது அது ‘2025 மாடல்’தான். ஒரு வருஷ வித்தியாசத்தை விலையில் நீங்கள் தாங்க வேண்டும். ஆகவே தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று வருஷத்தில் விற்கிற ஆள் என்றால் இந்த வித்தியாசம் வலிக்கும். எட்டு வருஷம் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. டிசம்பர் ஸ்டாக் அவருக்கு நல்ல டீல்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பரின் பின்பாதி மார்கழி. “மார்கழியில் வண்டி எடுக்க வேணாம்ப்பா” என்று வீட்டில் சொல்வார்கள். மார்கழியில் இன்வாய்ஸ் போட்டு விலையை உறுதி செய்துவிட்டு, தை பிறந்ததும் டெலிவரி எடுப்பது ஒரு வழி. டீலருக்கு வேண்டியது டிசம்பர் கணக்கில் ஒரு விற்பனை. முழுப் பணம் கட்டும் முன் சேசிஸ் எண் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, தயாரான மாதம் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல நேரம், புதிய தலைமுறை வெளிநாட்டில் அறிமுகமாகி இங்கே இன்னும் வராத இடைவெளி. பழைய தலைமுறை ஸ்டாக்கைத் தள்ள டீலர்கள் இறங்கி வருவார்கள். மின்சாரக் காரில் மட்டும் இதை எச்சரிக்கையோடு செய்யுங்கள். 2025 செப்டம்பரில் மியூனிக்கில் பிஎம்டபிள்யூ புதிய ஐஎக்ஸ்3-ஐயும் மெர்சிடிஸ் மின்சார ஜிஎல்சியையும் காட்டின; இரண்டுமே பேட்டரி, சார்ஜிங் வேகத்தில் அடுத்த கட்டம். பழைய பேட்டரி தலைமுறையின் மறுவிற்பனை மதிப்பு, பழைய பம்பர் டிசைனைவிட வேகமாக இறங்கும்.

பேரம் பேச முடியுமா, முடியாதா?

பிராண்டைப் பொறுத்தது. மெர்சிடிஸ் இந்தியா 2021 அக்டோபர் முதல் நேரடி விற்பனை முறைக்கு மாறிவிட்டது. காரின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும், இன்வாய்ஸும் நிறுவனத்திடமிருந்து வரும், நாடு முழுக்க ஒரே விலை. டீலர் முகவர் மட்டும்தான். “கொச்சி டீலர் ஒரு லட்சம் குறைச்சுத் தர்றார்” என்று அங்கே சொல்லி வேலையாகாது. எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் சலுகை, ஏற்கெனவே வாடிக்கையாளராக இருந்தால் லாயல்டி சலுகை என்று நிறுவனம் அறிவித்தவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை எல்லாம் கேட்டு வாங்கலாம்.

டீலரே ஸ்டாக் வாங்கி விற்கும் பிராண்டுகளில் கதை வேறு. அங்கே இரண்டு ஊர், மூன்று டீலரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குவதுதான் முதல் ஆயுதம். எந்த பிராண்டாக இருந்தாலும், பேச வேண்டிய எண் ‘டிஸ்கவுன்ட் எவ்வளவு’ என்பதல்ல. ‘சாவி கையில் வரும்போது மொத்தம் எவ்வளவு’ என்பது. அந்த மொத்தத்தில் பேசக்கூடிய இடங்கள் இவை:

காப்பீடு. யாரிடம் எடுப்பது என்பது உங்கள் உரிமை. டீலர் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒப்பிடும்போது ஐடிவி, ஜீரோ டெப்ரிசியேஷன், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், இன்ஜின் பாதுகாப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஐடிவியைக் குறைத்து பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுவது பழைய வித்தை.

பழைய கார். புதுக் காரின் விலை முடிவாகும்வரை எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுக்காதீர்கள். வெளியே இரண்டு இடத்தில் மதிப்பு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் டிஸ்கவுன்ட் கொடுத்து, மறு கையில் பழைய காரில் எடுத்துக்கொள்வது சுலபம்.

ஆக்சஸரீஸ். ‘2 லட்சம் மதிப்புள்ள பேக்கேஜ் ஃப்ரீ’ என்பது எம்ஆர்பி கணக்கு. டீலருக்கு அடக்க விலை அதைவிடக் குறைவு. உங்களுக்குத் தேவையில்லாத பொருள் என்றால் அதற்குப் பதில் பணமாகவோ, நீட்டிக்கப்பட்ட வாரண்டியாகவோ, சர்வீஸ் பேக்கேஜாகவோ கேளுங்கள். லக்ஸுரி காரில் வாரண்டி முடிந்த பிறகு வரும் ஒரு பெரிய ரிப்பேர், கிடைத்த தள்ளுபடி மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

ஹேண்ட்லிங் சார்ஜ். இது ஆர்டிஓ வசூலிக்கும் கட்டணம் அல்ல. பில்லில் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், எடுக்கச் சொல்லுங்கள்.

டிசிஎஸ். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம். இதில் பேரம் இல்லை, ஆனால் இது செலவும் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்கள் ஆபீஸில் தெரிவித்தால் டிடிஎஸ்ஸிலேயே சரிசெய்துகொள்ளவும் வழி உண்டு.

கடன். 40 லட்சத்தை ஐந்து வருஷத்துக்கு 9 சதவீத வட்டியில் வாங்கினால் ஈஎம்ஐ சுமார் 83,000 ரூபாய். மொத்த வட்டி 9.8 லட்சம். அதே கடன் 8.5 சதவீதத்தில் கிடைத்தால் மிச்சம் சுமார் 58,000 ரூபாய். ஷோரூமில் அரை நாள் உட்கார்ந்து பேசிக் கிடைக்கும் தொகையை வங்கிக்கு இரண்டு போன் போட்டு வாங்கிவிடலாம். ‘லோ ஈஎம்ஐ, உறுதியான பைபேக்’ திட்டங்களில் கடைசியில் நிற்கும் பெரிய தொகையையும், கிலோமீட்டர் வரம்பையும், கீறல், டென்ட்டுக்கான கழிவையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்த ஊர் நம்பர் பிளேட்?

எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிய வித்தியாசம் இதில்தான். தனிநபர் பெயரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்குச் சாலை வரி தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 சதவீதம். கர்நாடகாவில் 18 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். மகாராஷ்டிராவில் 13, டெல்லியில் 10. 60 லட்ச ரூபாய் காருக்குச் சென்னையில் 12 லட்சம், டெல்லியில் 6 லட்சம்.

அதற்காக வரி குறைந்த ஊரின் முகவரியில் பதிவு செய்துவிட்டு இங்கே ஓட்டலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால், வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். போலி முகவரி என்றால் வரி ஏய்ப்பு வழக்கு வரை போகும்.

இது வேலைக்காக ஊர் மாறுகிற தலைமுறைக்கு முக்கியமான விஷயம். பெங்களூரில் ஆயுள் வரி கட்டி வாங்கிய பிறகு அடுத்த வருஷம் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ மாற்றல் வந்தால், அங்கே மறுபடியும் வரி கட்டி, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கு, இரண்டு இரண்டு ஆண்டுகளாக வரி கட்டும் ‘பிஎச்’ பதிவு 2021 முதல் உண்டு. எல்லா மாநிலங்களும் இதை ஒரே உற்சாகத்தோடு தருவதில்லை. முன்பணம் கட்டும் முன் உங்கள் ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். மாற்றல் உறுதியாகத் தெரிந்தால், அது முடியும்வரை காத்திருப்பதுதான் நீங்கள் செய்யும் மிகப் பெரிய ‘பேரம்’.

கடைசிக் கணக்கு: மாசம் எவ்வளவு?

எக்ஸ்-ஷோரூம் 60 லட்சம். தமிழ்நாட்டுச் சாலை வரி 12 லட்சம், டிசிஎஸ் 60,000, காப்பீடு 2.4 லட்சம் என்று வைத்தால் ஆன்-ரோடு 75 லட்சம். 35 லட்சம் கையிலிருந்து, 40 லட்சம் மேலே சொன்ன 9 சதவீதக் கடன். ஐந்து வருஷத்தில் வெளியே போவது சுமார் 84.8 லட்சம். டிசிஎஸ்ஸைத் திரும்ப வாங்கி, காரைப் பாதி விலைக்கு, அதாவது 30 லட்சத்துக்கு விற்றுவிட்டால் (நான்கிலிருந்து ஐந்து வருஷக் காருக்குக் காப்பீட்டுக் கணக்கில் தேய்மானம் 50 சதவீதம்) நிகரச் செலவு சுமார் 54 லட்சம். மாசத்துக்கு 90,000 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், டயர், வருஷா வருஷம் காப்பீடு எல்லாம் இதற்கு மேல்.

இப்போது டிஸ்கவுன்ட்டை இதற்குள் வைத்துப் பாருங்கள். சாமர்த்தியமாகப் பேசி 3 லட்சம் குறைத்தால், அந்த 90,000 என்பது 85,000 ஆகும். நல்ல விஷயம்தான், பேசத்தான் வேண்டும். ஆனால் 90,000 தாங்காத சம்பளத்துக்கு 85,000-மும் தாங்காது. வேலை போனால் ஆறு மாதம் ஈஎம்ஐ கட்டச் சேமிப்பு இருக்கிறதா, வீட்டுக் கடனோடு இது சேர்ந்தால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்கு எந்த வர்த்தக ஒப்பந்தமும் பதில் சொல்லாது.

அந்தக் கணக்கு சரியாக வந்தால், உள்ளூர் அசெம்பிளி காரை அடுத்த டிசம்பரிலோ மார்ச்சிலோ, மூன்று கொட்டேஷனோடு போய் எடுங்கள். வரவில்லை என்றால், மூன்று நான்கு வருஷம் ஓடி, முதல் பெரிய தேய்மானத்தை வேறு ஒருவர் தாங்கிய பிறகு, நிறுவனச் சான்றிதழோடு வரும் யூஸ்டு காரைப் பாருங்கள். அதுவும் கணக்கில் வரவில்லை என்றால் இந்த வருஷம் டெஸ்ட் டிரைவ் மட்டும் போதும். அதற்குக் காசு கிடையாது.